பட்டி நாயைத் தெருநாய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை இயக்குநர் அவர்களும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், சென்னிமலை எனக் கொங்கு நாட்டின் வறண்ட பகுதியெங்கும் தெருநாய்க் கூட்டங்கள் ஆட்டுப்பட்டிக்குள் இறங்கிச் செம்மறிகளைக் குதறிப் போடுவதையும், செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி நாங்கள் மறியலுக்கு உட்காருவதையும் தாங்கள் நன்கறிவீர்கள். இழப்பீடு கேட்டும் நாய்களைப் பிடிக்கச் சொல்லியும் தங்கள் மேசைக்கு வந்த மனுக்கள் ஏராளம். இந்த மடல் அந்தக் கட்டில் சேர வேண்டியதன்று. தெருநாய் மீது எழுந்திருக்கும் நியாயமான சினத்தில், அந்தத் தெருநாயிடமிருந்து ஆட்டைக் காக்கிற பட்டி நாயும் அடையாளம் தெரியாமல் அழிந்துவிடக்கூடிய நிலை வந்திருக்கிறது என்பதையும், அதைத் தடுக்கும் வழி தங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே எழுதுகிறேன்.

கொரங்காட்டு மேய்ச்சல்முறை தங்களுக்குப் புதிதன்று. முள்கிளுவையால் உயிர்வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விடப்பட்ட மானாவாரி நிலத்தில் காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் பகல் முழுவதும் தாமாகவே மேயும். வேலி இருப்பதால் ஆட்டுக்குப் பின்னால் ஆள் நடக்க வேண்டியதில்லை. அதனாலேயே எங்கள் நாய்க்கு ஆட்டை ஓட்டுகிற வேலையும் குறைவு. மந்தை நாய்களில், ஆட்டைச் சேர்த்து ஓட்டுவது ஒரு வகை, ஆட்டோடு கிடந்து காப்பது இன்னொரு வகை. முன்னதற்கு, ஓடுகிற ஆட்டைக் கண்டால் துரத்தும் வேட்டைக் குணம் கடிக்கு முந்தைய படியோடு நின்றுவிட வேண்டும். பின்னதற்கு அந்தக் குணம் தலைகாட்டவே கூடாது. எங்கள் பட்டி நாய் பெரும்பாலும் பின்னதைச் சேர்ந்தது. பொழுது சாயும்போது ஆடுகளைப் பட்டிக்குத் திருப்புவதற்கு ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவே.

இதைத் தனி இனம் என்று வாதிட நான் வரவில்லை. செவலை உண்டு, கருப்பு உண்டு, சாம்பல் உண்டு. காது நிமிர்ந்ததும் மடிந்ததும் உண்டு. கோம்பை, ராஜபாளையம் இரத்தம் கலந்தவை உண்டு. நகரத்து அல்சேஷன் எப்போதோ வந்துபோன தடயமுள்ளவையும் உண்டு. கண்காட்சி நடுவர் ஒருவர் வந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஆயினும் குட்டி எடுக்கும்போது எங்கள் பெரியவர்கள் நிறத்தையோ காதையோ கேட்டதில்லை. தாய் நாய் எந்தப் பட்டியில் கிடந்தது, அங்கே ஆடு ஏதும் கடிபட்டதா என்பதைத்தான் கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித் தேர்ந்தெடுத்தால் உடலமைப்பு ஒன்றுபோல வராது. ஆனால் குணம் ஒன்றுபோல வரும்.

அந்தக் குணம் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதைத் தாங்கள் நேரில் பார்த்தால் நல்லது. செம்மறிகள் ஈனும் பருவத்தில் இளநாயைக் கயிற்றோடு பட்டிக்குள் விடுவார்கள். தேறுகிற நாய், ஈனும் ஆட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் படுத்துக்கொண்டு, இளங்கொடி விழும்வரை காத்திருக்கும்; விழுந்தபின் அதை மட்டும் தின்னும்; ஈரம் காயாத குட்டியை முகர்ந்து, ஒருமுறை நக்கிவிட்டு விலகிப்போகும். தாயாடு காலைத் தட்டித் தலையைத் தாழ்த்தி முட்ட வந்தால், எதிர்த்து நிற்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும். பெரியவர்கள் பார்ப்பது அந்த முகத்திருப்பலைத்தான். உறுமிய நாயை அடித்து விரட்டுவதில்லை. சாளை என்கிற தோட்டத்து வீட்டு வாசலில் காவலுக்குக் கட்டிவிடுவார்கள், பட்டிப் பக்கம் மட்டும் விடமாட்டார்கள். தேறிய நாயோ இரவில் படலுக்கு வெளியே, காற்று வருகிற திசையைப் பார்த்தபடி படுத்திருக்கும். நரி வந்தால் ஒரு விதமாகவும், ஆள் வந்தால் வேறு விதமாகவும் குரைக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறவர் டார்ச் விளக்கை எடுக்க வேண்டுமா, புரண்டு படுத்தால் போதுமா என்பது அந்தக் குரைப்பிலேயே தெரிந்துவிடும்.

தெருநாய்க் கூட்டத்தின் வேலை இதற்கு நேர்மாறானது. ஐந்தாறு நாய்கள் சேர்ந்து உள்ளே இறங்கினால் அவை பசிக்காகக் கொல்வதில்லை. ஓடுவதைக் கடிக்கின்றன, ஓட்டம் நிற்கும்வரை கடிக்கின்றன. பின்னந்தொடையும் கழுத்தும் கிழிந்த ஆடுகள் சில. மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சுத் திணறிச் செத்தவை வேறு சில. பல் தடமே இல்லாமல் கிடக்கும் இந்த இரண்டாம் வகை ஆட்டுக்கு, அது நாயால்தான் செத்தது என்று நாங்கள் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது என்பதையும் இடையில் குறித்துவைக்கிறேன். பகலில் பார்த்தால் கொல்கிற நாயும் காக்கிற நாயும் ஒரே தோற்றம். கழுத்தில் பட்டை இல்லாமல், வாய்க்கால் மேட்டிலோ வேலி ஓரத்திலோ படுத்திருக்கும். இரண்டும் வேறு என்று சொல்லத் தெரிந்தவர் ஆட்டுக்காரர் ஒருவரே. அவரைக் கேட்கும் வழக்கம் எந்த ஏற்பாட்டிலும் இல்லை.

இந்த வேறுபாட்டை எழுதி வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து நாட்டின் ஆட்டு நாய் ஒரு சான்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வே நாட்டிலிருந்து குடியேறியவர்களோடு அந்தத் தீவுக்குப் போன நாய் அது. ஆண் ஏறத்தாழ 46 செ.மீ., பெண் 42 செ.மீ. உயரம், நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால், குளிருக்கு ஏற்ற இரட்டை மயிர்ப்போர்வை, பின்னங்காலில் கூடுதல் விரல்கள். அங்கே கோடை தொடங்கியதும் ஆடுகளை மலைக்கு விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் ஊர் திரண்டு போய் அவற்றைத் திரட்டி இறக்குவார்கள். எரிமலைப் பாறை இடுக்குகளில் சிதறிக் கிடக்கும் ஆடுகளைக் குரைத்துக் குரைத்தே வெளியேற்றி, ஒன்றாகச் சேர்த்து, பாதையில் நிறுத்துவது இந்த நாயின் வேலை. பிரிட்டனின் பார்டர் காலி என்ற ஆட்டு நாயைப் போலப் பதுங்கி வந்து கண்ணால் ஆட்டை நிறுத்தும் தந்திரம் இதற்கு இல்லை. வாய்தான் இதன் கருவி. ஆட்டுக்குட்டியைக் கொத்த வரும் பறவைகளுக்காக வானத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் அதற்கு உண்டு. இன்றும் வீட்டில் வளரும் ஐஸ்லாந்து நாய்கள் பறவையைக் கண்டால் மேலே பார்த்துக் குரைக்கின்றன. குணத்தில் எங்கள் பட்டி நாய்க்கும் அதற்கும் பெருத்த வேறுபாடு: அது வழிப்போக்கரைக் குரைத்து அறிவித்துவிட்டு வாலாட்டி வரவேற்கும், எங்களுடையது அந்தப் பெருந்தன்மையைக் காட்டாது.

அந்த நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாயைக் குறைத்தே ஆக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. நாயின் குடலில் வாழும் ஒரு சிறு நாடாப்புழுவின் முட்டைகள் மனிதர் வயிற்றுக்குள் சென்று, ஈரலிலும் நுரையீரலிலும் பெரிய நீர்க்கட்டிகளை உண்டாக்கின. ஆடு அறுக்கும்போது கழித்துப் போடும் ஈரலைத் தின்னும் நாய்க்குப் புழு வருகிறது. அந்த நாயின் கழிவிலிருந்து ஆட்டுக்கும் மனிதருக்கும் நோய் வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராபே என்ற அறிஞர் 1863-ல் அங்கே சென்று இந்தச் சங்கிலியை ஆராய்ந்தார். மக்களுக்கு எளிய நடையில் ஒரு கையேடு எழுதப்பட்டு மறு ஆண்டே வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1869-ல் நாய்களுக்கு வரி விதித்துச் சட்டம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்த நோய் அந்நாட்டிலிருந்தே ஒழிந்தது. மக்கள் நலத்துக்காக எடுத்த நடவடிக்கை பலித்தது என்பதை ஐயமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிலிருந்து வந்த டிஸ்டம்பர் என்ற நாய்த் தொற்றுநோய், மிச்சமிருந்த நாய்களில் பெரும்பகுதியைக் கொன்றுபோட்டது. ஒரு நாய்க்குக் குதிரை ஒன்றும் ஆடு இரண்டும் கொடுத்து வாங்கினார்கள் என்று அங்கே சொல்வார்கள். 1924-ல் தலைநகரான ரெய்க்யவிக்கில் நாய் வளர்க்கவே தடை வந்து, அறுபது ஆண்டுகள் நீடித்தது. 1950-களில் மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் அந்தத் தீவில் தேடியபோது, பழைய வகை நாய்கள் எட்டாக்கையிலுள்ள சில பண்ணைகளில்தான் எஞ்சியிருந்தன. அவற்றுள் சிலவற்றை அவர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் இனம் பெருக்கினார். பிறகு ஐஸ்லாந்துக்காரர்களே விழித்துக்கொண்டார்கள். சிக்ரிதுர் பியெத்துர்ஸ்தோத்திர் என்ற பெண்மணி 1960-களின் பிற்பகுதியில் இனப்பெருக்கத்தை ஒழுங்காகத் தொடங்கினார். 1969-ல் அந்நாட்டு நாய்ச் சங்கம் உருவானது. மீட்சி நடந்தது என்பது உண்மைதான். ஆயினும் இன்றுள்ள அந்த நாய்கள் யாவும் அப்போது கிடைத்த மிகச் சில நாய்களின் வாரிசுகள். நெருங்கிய இரத்தக் கலப்பைத் தவிர்ப்பதற்காகவே பல நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடிக் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

அங்கே சட்டம் தவறன்று. நோயும் யார் குற்றமும் அன்று. எந்தப் பண்ணையில் எந்த நாய் நல்ல வேலைக்காரன், அதன் குட்டிகள் எங்கே போயின என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கை குறைந்தபோது, குறைந்தவை எவை என்பது தெரியாமலே குறைந்தது.

நம் நாட்டில் இன்று நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இப்பணி இன்னும் வேகமாக நடக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. ஆனால் வண்டி எங்கள் பக்கம் வரும்போது எளிதில் அகப்படுகிற நாய் எது? கூட்டமாகத் திரிந்து, ஆளைக் கண்டால் சிதறி ஓடும் நாய் அகப்படாது. இடத்தை விட்டு நகராத நாய்தான் அகப்படும். பட்டியைக் காக்கிற நாயின் முதல் இலக்கணமே இடத்தை விட்டு நகராமை. நல்ல வேலைக்கார நாய்கள் முதலில் கருத்தடைக்குப் போய், ஆட்டைக் கடிப்பவை வெளியே நின்று குட்டி போட்டால், சில ஆண்டுகளில் எங்களுக்கு எஞ்சப்போவது எது என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

காங்கயம் மாட்டுக்கு இனப்பதிவு இருக்கிறது. மேச்சேரி செம்மறிக்குப் பதிவும் உண்டு, பொட்டனேரியில் தங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. கோயம்புத்தூர்ச் செம்மறியும் பட்டியலில் இருக்கிறது. இவற்றோடு ஒரே பட்டியில் படுத்துக் கிடக்கும் நாயைப் பற்றி மட்டும் ஒரு தாள்கூட இல்லை. தமிழ்நாட்டு நாய்களில் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனம் பதிவு செய்திருக்கும் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்றவை. மந்தைக்காக வளர்த்தவை அல்ல. இமாச்சலப் பிரதேசத்தில் மலையேறி ஆடு மேய்க்கும் கத்தி (Gaddi) என்ற சமூகத்து இடையர்களின் நாய் அண்மையில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது கண்டு மகிழ்ந்தேன். சிறுத்தை கழுத்தைக் கவ்வாதபடி இரும்புப் பட்டை அணிந்து மந்தையோடு நடக்கும் நாய் அது. மந்தை நாயையும் அரசு கண்ணெடுத்துப் பார்க்கும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

ஆயினும் அதே வழியில் எங்கள் நாய்க்கும் உடனே ஓர் இனப்பெயர் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இனம் என்று அறிவித்த மறுநாளே உயரம் இவ்வளவு, நிறம் இன்னது, காது இப்படி என்று ஓர் அளவுகோல் வரும். அளவுகோல் வந்ததும் கண்காட்சி வரும். கண்காட்சி வந்ததும் நகரத்துக் குட்டி வியாபாரம் வரும். பட்டியில் ஒரு இரவும் படுக்காத நாய்க்குப் பரிசுக் கோப்பை கிடைக்கும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நாய் அழகுப் போட்டி ஒன்று நடப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிரிட்டனில் 1906-ல் தொடங்கிய பன்னாட்டு ஆட்டு நாய்ச் சங்கம் பின்பற்றும் முறை நமக்குப் பொருந்தும். பார்டர் காலிகளின் வம்சாவளிப் பதிவேட்டை வைத்திருக்கும் சங்கம் அது. பெற்றோர் பதிவில் இல்லாத நாயாக இருந்தாலும் ஆட்டிடம் வேலை செய்து காட்டித் தேறினால் பதிவேட்டில் இடம் கொடுக்கிறது. 1893-ல் ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் பிறந்த ஹெம்ப் என்ற நாயின் வழியில்தான் இன்றைய பார்டர் காலிகள் பெரும்பாலும் வந்தன. அது நினைக்கப்படுவது ஆட்டை மிரட்டாமல் அமைதியாக நகர்த்திய திறத்துக்காக.

பழைய தமிழ்நாட்டுக்கும் இந்த மதிப்பீடு தெரிந்தே இருந்தது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமை மந்தைக்காகச் செத்த கருந்தேவக்கத்தியோடு, கள்ளரைக் கடித்த அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் கல்லில் இடம் பெற்ற நாய்க்கு இன்றைய பதிவேட்டில் ஒரு வரி கேட்பது மிகையாகாது.

என் வேண்டுகோள் பெரும் செலவு பிடிப்பதன்று. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடத் தங்கள் மருத்துவர்கள் ஊர் ஊராக வருகிறார்கள். அதே முகாமில் பட்டி நாய்க்கும் வெறிநோய், டிஸ்டம்பர் தடுப்பூசிகளைப் போட்டு, நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுத்து, கழுத்தில் எண்ணிட்ட பட்டை ஒன்றைக் கட்டிவிடலாம். ஐஸ்லாந்தை உலுக்கிய அந்தப் புழு நம் நாட்டுக்கும் அந்நியமன்று. ஆடு அறுக்கும் இடத்தில் நீர்க்கட்டி உள்ள ஈரலை வெட்டி ஓரமாக எறிகிறார்கள், ஓரத்தில் நிற்பது நாய். பட்டை கட்டும்போதே பதிவேட்டில் சில செய்திகளை எழுதிக்கொள்ளலாம்: நாயின் வயது, தாய் எந்தப் பட்டியிலிருந்து வந்தது, எத்தனை ஆடுகளோடு கிடக்கிறது, அது வந்தபின் அந்தப் பட்டியில் கடி நேர்ந்ததா, கருத்தடை ஆனதா. பட்டை உள்ள நாயை ஆட்டுக்காரரைக் கேட்காமல் பிடிக்கக் கூடாதென்று உள்ளாட்சிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கால்நடைக் கணக்கெடுப்பிலும் வளர்ப்பு நாய், தெருநாய் என்ற பிரிவுகளுக்கு அருகில் மந்தை நாய்க்கு ஒரு பத்தி ஒதுக்கப் பரிந்துரைக்கலாம். சில ஆண்டுகள் இந்தப் பதிவேடு நின்றால், இது தனி இனமா, வெறும் கலப்பா என்ற கேள்வியைத் தங்கள் மரபியல் துறை இரத்த மாதிரியோடு ஆராயட்டும். விடை எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம்.

கறிக்கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் இரவோடு இரவாகச் சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கொட்டுவது நிற்காதவரை எந்தக் கருத்தடையும் கூட்டத்தைக் குறைக்காது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது உள்ளாட்சியின் பொறுப்பு என்றாலும், தங்கள் துறை எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எடை அதிகம்.

எங்கள் தரப்பிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. பெண் குட்டிகளை வேண்டாமென்று சந்தை முக்கிலும் பேருந்து நிறுத்தத்திலும் விட்டுவிட்டு வரும் வழக்கம் நம் ஆட்டுக்காரர்களிடம் உண்டு. இன்று பட்டிக்குள் இறங்குகிற கூட்டத்தின் பாட்டிகளில் சில அப்படிப் போனவையாக இருக்கும். பதிவேட்டில் சேர்கிறவர், தாம் வைத்துக்கொள்ளாத குட்டிகளுக்கும் கருத்தடை செய்யாத நாய்க்கும் பொறுப்பேற்று ஒப்பமிட வேண்டும் என்ற விதியை அரசு வைத்தால், அதை முதலில் வரவேற்கிறவர்கள் நாங்களாகவே இருப்போம். மறுக்கிறவருக்குப் பட்டை கொடுக்க வேண்டாம்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. காங்கயம் அல்லது மூலனூர், ஏதேனும் ஒரே ஒன்றியத்தில், அடுத்த தடுப்பூசி முகாமோடு தொடங்கிப் பாருங்கள். பட்டிகளைக் காட்டவும், தாய்வழிச் செய்திகளைப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லவும், எங்கள் பகுதியில் ஆடு வளர்ப்போர் உடன் வருவார்கள். ஒரு சிறு வேண்டுகோள்: பார்வையிட வரும் அலுவலர்கள் இரவு ஒன்பது மணிக்குமேல் வரட்டும். பகலில் வந்தால் அந்த நாய் வேலி நிழலில் தூங்கிக்கொண்டிருக்கும். வேலை செய்யாத நாயென்று எழுதிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்போரில் ஒருவன்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்